ஸ்லோ குக்கருக்கு எந்தக் கறி வாங்குவது?

தொடைக்கறிதான் உசத்தி என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள், ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரச் சட்டி) வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். கொழுப்பே இல்லாத தொடைச் சதையை எட்டு மணி நேரம் போட்டு எடுத்தால், பார்க்க வெந்த மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் தேங்காய் நார். மறுவாரம் ‘கொழுப்பு இருந்தாத்தான் கறி மெத்துன்னு இருக்கும்’ என்று யாராவது சொல்லக் கேட்டு விலாக்கறியை வாங்கிப் போட்டால், குழம்புக்கு மேல் ஒரு விரற்கடைக்குக் கொழுப்பு மிதக்கும்.

மெதுவாக வேகும் கறிக்கு மெதுமெதுப்பைத் தருவது ஜவ்வு. கொழுப்புக்கு அதில் பங்கு குறைவு. ஜவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம், 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஈரச்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் கரைந்து ஜெலட்டினாகிறது. அந்த ஜெலட்டின் சதை நார்களைச் சுற்றிப் பூசிக்கொள்வதால்தான், நார் தன் நீரை இழந்த பிறகும் கறி வழுவழுவென்று இறங்குகிறது. தொடையின் நடுச் சதையில் ஜவ்வு குறைவு. சூடு ஏற ஏற நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே கொழுப்பு குறைந்த, ஜவ்வு நிறைந்த பாகமாகப் பார்த்து வாங்குவதே ஸ்லோ குக்கருக்கான கறி வாங்கும் முறை. நல்ல வேளையாக அந்தப் பாகங்களைக் கறிக்கடையில் யாரும் போட்டி போட்டுக் கேட்பதில்லை.

எந்த ஆடு

வெள்ளாட்டுக்கறி இயல்பிலேயே கொழுப்பு குறைந்தது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில், பச்சை வெள்ளாட்டுச் சதை 100 கிராமுக்குக் கொழுப்பு 2.3 கிராம், புரதம் 20 கிராமுக்குச் சற்று மேல். இது கொழுப்பை நீக்கிய சதைக்கான கணக்கு. வெள்ளாடு தன் கொழுப்பைப் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்த்து வைக்கும். தோலுக்கடியில் சேர்ப்பது குறைவு. செம்மறி தோலுக்கடியிலும் சதைகளுக்கு நடுவிலும் அடுக்கடுக்காகச் சேர்க்கும். அதனால் வெள்ளாட்டில் கொழுப்பைக் கத்தியால் எடுத்துவிடுவது சுலபம், செம்மறியில் எவ்வளவு அரிந்தாலும் உள்ளே மிச்சம் இருக்கும்.

நெல்லைச் சீமையில் வெள்ளாடென்றால் கன்னி ஆடு முதலில் நினைவுக்கு வரும். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கரிசல் காட்டிலும் ஓடைக்கரையிலும் நாள் முழுக்க நடந்து மேய்ந்த ஆட்டின் முன்னங்கால் சதை இறுகி, ஜவ்வோடிப் போயிருக்கும். பிரஷர் குக்கரில் ஏழெட்டு விசில் விட்டாலும் அடம்பிடிக்கிற அந்தக் கறி, ஸ்லோ குக்கருக்கென்றே வளர்ந்த மாதிரி. வீட்டிலேயே கட்டிப்போட்டுப் புண்ணாக்கும் தவிடும் வைத்துக் கொழுக்க வைத்த கிடாயில் கொழுப்பு கூடும். வாங்கலாம், ஆனால் அரிந்து எறிவதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். சுடலைமாடன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) நேர்ந்துவிட்ட கிடா இரண்டு வருஷத்துக்கு மேல் வளர்ந்திருக்கும், கறி கருஞ்சிவப்பாக இருக்கும். மூப்பான ஆட்டின் கொலாஜன் எளிதில் கரையாது. கொடைக்கறி பங்கு வந்தால், கீழே சொல்லும் நேரங்களோடு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

செம்மறியை வெள்ளாடு என்று விற்பதும் உண்டு. பல கடைகளில் வாலை உரிக்காமல் தொங்கவிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்கலாம். வால் இல்லாவிட்டால் கொழுப்பைப் பாருங்கள். முதுகின் மேல் வெள்ளையாகத் தடித்த படலம் இருந்தால் அது பெரும்பாலும் செம்மறி. தொட்டுவிட்டுக் கை கழுவினாலும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எந்தப் பாகம்

முதலிடம் முன்னங்காலில் முட்டிக்கு மேலும் கீழும் உள்ள கறிக்கு. முன்சப்பையில் (தோள்பட்டையில்) கால் பக்கம் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். வெளியே கொழுப்பு அதிகம் இராது, சதைக்குள்ளே ஜவ்வு இழை இழையாக ஓடும், நடுவில் எலும்பு. பின்னங்காலின் கெண்டைச் சதையும் இதே குணம். தொடை வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், தொடையின் மேல்பாதியை விட்டுவிட்டு முட்டியை ஒட்டிய கீழ்ப்பாதியைக் கேளுங்கள்.

அடுத்தது கழுத்து. விலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கறி கிடையாது. ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும். கழுத்தின் மேற்பக்கம் பிடரியை ஒட்டி மஞ்சளாக, ரப்பர் போல இழுபடும் தடித்த நரம்பு ஒன்று ஓடும். அது கொலாஜன் இல்லை, எலாஸ்டின் என்ற வேறு புரதம். பத்து மணி நேரம் வேகவைத்தாலும் கரையாது. அதை மட்டும் உருவி எடுத்துவிடுங்கள். வெள்ளையாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஜவ்வு கரையும், மஞ்சள் நரம்பு கரையாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் எந்தப் பாகத்தையும் நீங்களே தரம் பிரித்துவிடலாம்.

சப்பைக்கறி, அதாவது தோள்பட்டைச் சதை, மூன்றாவது. சுவை இதில்தான் கூடுதல். கொழுப்பு சதை அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். கடைக்காரர் சிறு துண்டாக வெட்டிவிட்டால் அதைப் பிரிக்க முடியாது. பெரிய துண்டாக வாங்கி வந்து, வீட்டில் அடுக்கைப் பிரித்து, வெள்ளைக் கட்டியை எடுத்துவிட்டு, பிறகு துண்டு போடுங்கள்.

நெஞ்செலும்பும் விலாவும் கொழுப்புள்ள பாகங்கள். தோசைக்கல்லில் வறுத்தால் உருகிய கொழுப்பை வடித்துவிடலாம். மூடிய சட்டியில் ஒரு சொட்டும் வெளியே போகாது, மொத்தமும் குழம்பில்தான் தங்கும். ருசிக்காக இரண்டு நெஞ்செலும்புத் துண்டு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நல்லி எலும்பும் ஆட்டுக்காலும் பலர் ஆரோக்கியம் என்று நம்பி வாங்குபவை. ஆட்டுக்காலில் சதை கொஞ்சம், கொலாஜன் அதிகம். பாயா ஆறினால் கட்டியாக உறைவது அதனால்தான். அந்த ஜெலட்டின் நல்லதுதான், ஆனால் அதில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடையாது. தனியாக அதை மட்டும் குடித்துப் புரதக் கணக்கை முடித்துவிட முடியாது. எலும்பு சூப்பில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்பதும் சரியில்லை. எலும்பிலிருந்து நீரில் இறங்கும் கால்சியம் மிகவும் கொஞ்சம். நல்லிக்குள் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. குழந்தைக்கு ஒரு துண்டு உறிஞ்சக் கொடுக்கலாம், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர் தட்டில் வேண்டாம்.

ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இரும்புச் சத்துக்குச் சிறந்தவை. ஸ்லோ குக்கருக்குத் துளியும் பொருந்தாதவை. ஜவ்வு மிகக் குறைந்த உறுப்புகள் என்பதால் நேரம் ஆக ஆக இறுகிக் கசக்கும். தோசைக்கல்லில் மிளகு போட்டு ஐந்தாறு நிமிடத்தில் உள்ளே நன்றாக வேகும்படி எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிடக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கெடுதி. மூளையில் 100 கிராமுக்குக் கொலஸ்ட்ரால் 1000 மில்லிகிராமைத் தாண்டும். யூரிக் அமிலம் கூடுதலாக உள்ளவர்கள் குடல், ஈரல், சுவரொட்டி மூன்றையும் தவிர்ப்பது நல்லது.

கடையில் கேட்பது

இப்படிக் கேளுங்கள்: “அண்ணாச்சி, முன்சப்பையில கால் பக்கமாப் பாத்து முக்கால் கிலோ போடுங்க. கொழுப்ப அரிஞ்சிட்டு எடை போடுங்க, ஜவ்வு இருக்கட்டும். துண்டு பெருசா இருக்கட்டும், குழம்புக்கு வெட்டுத மாதிரி பொடுசா வெட்டிராதீங்க.”

கடைசி வரி முக்கியம். குழம்புக்கறி அளவில் வெட்டினால் எட்டு மணி நேரத்தில் சதை கரைந்து எலும்பு தனியாக நிற்கும். ஒவ்வொரு துண்டும் நெல்லிக்காயைவிடப் பெரிதாக, நாலைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எலும்பைக் கத்தியால் பல இடத்தில் கொத்தாமல் மூட்டில் வெட்டச் சொல்லுங்கள். கொத்திய எலும்பிலிருந்து உதிரும் சிராய்கள் மெதுவாக வேகும் குழம்பில் அடியில் படிந்து, சாப்பிடும்போது பல்லில் மாட்டும். எடைக்கு ஒரு கட்டிக் கொழுப்பையும் குடலையும் சேர்த்துப் போடும் வழக்கம் பல கடைகளில் உண்டு. வேண்டாம் என்று தராசில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள், வெட்டிய பிறகு சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

விடியற்காலை அறுத்த ஆட்டை ஏழு மணிக்கு வாங்கி எட்டு மணிக்கு அடுப்பில் ஏற்றினால் கறி விறைத்திருக்கும் நேரம் அது. சனிக்கிழமை காலையில் வாங்கி, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அன்று ராத்திரி பத்து மணிக்கு ஸ்லோ குக்கரில் போட்டால் ஞாயிறு காலைக்குக் கறி தயார். ஃப்ரீசரில் உறைந்த கறியை நேரே சட்டியில் போடக் கூடாது. உள்ளே சூடு ஏறப் பல மணி நேரம் ஆகும், அதுவரை கறி கிருமி பெருகும் 5 முதல் 60 டிகிரிக்குள்ளேயே கிடக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி முழுக்க இளக வையுங்கள்.

வேகவைக்கும் முறை

முக்கால் கிலோ எலும்புக்கறிக்கு மூன்றரை லிட்டர் சட்டி சரியான அளவு. சட்டி பாதிக்குக் குறையாமலும் முக்காலைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். ஆறு லிட்டர் சட்டியில் அரைக் கிலோ கறியைப் போட்டால் ஓரம் காய்ந்து அடிப்பிடிக்கும்.

சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 12 பல், இஞ்சி ஒரு விரல் நீளம், தக்காளி ஒன்று, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு. அடுப்பில் வாணலி வைத்து, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கறியையும் அதே வாணலியில் நாலு நிமிடம் புரட்டி எடுங்கள். இந்த வதக்கலைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள்தான் ‘ஸ்லோ குக்கர் கறியில் கவுச்சி அடிக்கிறது’ என்கிறார்கள். ஸ்லோ குக்கரின் சூடு கொதிநிலையைத் தாண்டாது, வறுத்த மணம் அங்கே தானாக வரவே வராது.

மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் ஆறு, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி. வறுத்து அரைத்து, மஞ்சள்தூளும் சேர்த்து, வதக்கிய கறி, மற்றச் சாமான்களோடு ஸ்லோ குக்கர் சட்டியில் போடுங்கள். பட்டை, கிராம்பு போடுவதானால் வழக்கத்தில் பாதி போதும், எட்டு மணி நேரத்தில் கிராம்பின் காரம் ஏறிவிடும். கொதிக்கும் தண்ணீர் 150 மில்லி, அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். மூடிய சட்டியில் ஆவி வெளியே போகாது, கறியும் வெங்காயமும் நீர் விடும். கறி முங்க முங்கத் தண்ணீர் ஊற்றினால் குழம்பு ரசமாகிவிடும். உப்பும் முதலில் முக்கால் பங்கு போதும்.

மெதுவான சூட்டில் (‘லோ’) முன்னங்கால் கறி எட்டு மணி நேரம், கழுத்து ஏழரை, சப்பை ஆறரை. கூடுதல் சூட்டில் (‘ஹை’) இதில் ஏறக்குறைய பாதி. செம்மறியானால் ஒரு மணி நேரம் முன்பாகவே திறந்து பாருங்கள். இடையில் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடச் சூடு போய்விடும். 200 வாட் சட்டி எட்டு மணி நேரம் ஓடினால் மின்சாரம் 1.6 யூனிட்டுக்கு மேல் ஆகாது.

உருளைக்கிழங்கு, வாழைக்காய் சேர்ப்பதானால் கறிக்கு அடியில், சூடு முதலில் படும் இடத்தில் வையுங்கள். மெதுவான சூட்டில் கிழங்கு கறியைவிடத் தாமதமாக வேகும். புளியை முன்னதாகவே ஊற்றினால் கிழங்கு வேகவே வேகாது, கடைசி அரை மணி நேரத்தில் ஊற்றுங்கள். முருங்கைக்காய்க்கு முக்கால் மணி நேரம் போதும். இறக்கும் நேரத்தில் மிளகு சீரகத்தைப் புதிதாகப் பொடித்து ஒரு தேக்கரண்டி தூவினால்தான் மங்கிப்போன மணம் மறுபடி எழும்.

தேங்காய்க் கணக்கு

கறியைச் சுத்தமாக அரிந்து வாங்கி வந்தவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுச் சதை அரைக் கிலோவில் உள்ள கொழுப்பு 12 கிராம். ஒரு மூடித் தேங்காயைத் துருவினால் 125 முதல் 150 கிராம் வரும், அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதாவது 40 கிராமுக்கு மேல். நெல்லைக் குழம்பில் தேங்காய் இல்லாமல் முடியாது என்பது உண்மைதான். தேங்காயின் வேலை குழம்பைக் கெட்டியாக்குவதும் காரத்தைத் தணிப்பதும். ஜெலட்டின் இறங்கிய குழம்பு தானே கெட்டியாகிவிடுகிறது. ஆகவே வறுத்து அரைக்கும் மசாலாவில் துருவல் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் ருசி குறையாது. தேங்காய்ப்பால்தான் வேண்டுமென்றால் இரண்டாம் பாலை, கடைசி இருபது நிமிடத்தில் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றிய பால் திரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி. வெந்த கறியைத் தனியாக எடுத்துவிட்டு, குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு மணி நேரத்தில் மேலே வெள்ளைத் தகடாகக் கொழுப்பு உறையும். கரண்டியால் தூக்கி எடுத்துவிடலாம். அதற்கு அடியில் கட்டியாக இருப்பது ஜெலட்டின், அதையும் கொழுப்பென்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். சூடாக்கினால் குழம்பாகிவிடும். அன்றே பரிமாற வேண்டுமானால், ஒரு எவர்சில்வர் கரண்டியில் பனிக்கட்டி வைத்து அதன் அடிப்பாகத்தைக் குழம்பின் மேல் தடவுங்கள். கொழுப்பு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

கோழியும் மாடும்

நாட்டுக்கோழியில் முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையே ஸ்லோ குக்கருக்கு ஏற்றது. மஞ்சள் பூசித் தீயில் வாட்டிய தோல் நம் ஊரில் ருசிக்குப் பேர் போனது, ஆனால் கோழித் தோலில் 100 கிராமுக்குக் கொழுப்பு 30 கிராமைத் தாண்டும். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை முழுக்க எடுத்துவிட்டு, தோலில் பாதியை மட்டும் விட்டுவையுங்கள். மெதுவான சூட்டில் ஆறு மணி நேரம். பிராய்லரில் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். தோல் உரித்த காலும் தொடையும் வாங்கி, நாலு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

மாட்டுக்கறி சாப்பிடுபவர்கள் கால் கெண்டைச் சதையைக் கேளுங்கள். ஒன்பது மணி நேரம் கேட்கும், அவ்வளவுக்கும் தகுதியான கறி. உப்புக்கண்டத்தை ஸ்லோ குக்கரில் போடுவதானால், வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி இன்னொரு முறை ஊறவைத்து, குழம்பில் உப்பே போடாமல் வேகவையுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அப்படியும் அது அதிகம்தான்.

அளவைப் பொறுத்தவரை, ஆடு, மாடு, பன்றி ஆகிய சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். எலும்பில்லாப் பச்சைக்கறியில் 500 முதல் 700 கிராம். ஒரு ஆளுக்கு அது.

கறி சரியாக வராதபோது

ஐந்து மணி நேரம் ஆன பிறகும் கறி ரப்பர் மாதிரி இழுத்தால், ‘வெந்து இறுகிவிட்டது’ என்று பலர் அணைத்துவிடுகிறார்கள். ஜவ்வு இன்னும் கரையவில்லை என்பதுதான் அதன் பொருள். இன்னும் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். முள்கரண்டியால் குத்தும்போது எதிர்த்து நின்றால் வேகவில்லை. உலர்ந்த நாராக உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது, அல்லது தவறான பாகம். உதிர்ந்த கறியைக் குழம்பிலேயே பிய்த்துப் போட்டு இட்லிக்கு ஊற்றிவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் ஸ்லோ குக்கர் போட வேண்டாம். எதிர்பாராமல் கரண்ட் போனால், நீங்கள் வீட்டில் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவைத்து முடியுங்கள். வெளியே போய்விட்டு வந்து, எவ்வளவு நேரம் நின்றது என்றே தெரியாவிட்டால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

மிச்சக் கறியைச் சட்டியோடு வைக்காமல், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மறுபடி சூடாக்குவதை அடுப்பில் தளதளவென்று கொதிக்கும்வரை செய்யுங்கள், அந்த வேலைக்கு ஸ்லோ குக்கர் ஆகாது. மேலே எடுத்த கொழுப்பைச் சூடாகக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், பழைய செய்தித்தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.